வழக்கில் சிக்கியவருக்கு மனநோய் இருந்தால்: சட்டம் கேட்கும் இரண்டு கேள்விகள்

மனநோய் உள்ள ஒருவர் மீது குற்ற வழக்கு பதிவாகும்போது, "டாக்டரிடம் சர்டிபிகேட் வாங்கிக் கொடுத்தால் கேஸ் முடிந்துவிடுமா?" என்றுதான் வீட்டார் முதலில் வழக்கறிஞரைக் கேட்கிறார்கள். முடிந்துவிடாது. மனநோய் இருக்கிறது என்ற சான்று எந்த வழக்கையும் தானாக முடித்துவைப்பதில்லை. அதற்காக அந்தச் சான்றுக்கு மதிப்பே இல்லை என்று ஒதுக்கிவிடவும் கூடாது. கைதான இரவு தொடங்கிச் சிறையிலிருந்து வெளியே வரும் நாள் வரை, வழக்கின் ஒவ்வொரு கட்டத்திலும் அதற்கு ஒரு பயன் உண்டு. எந்தக் கட்டத்தில் என்ன பயன் என்பதை, சட்டம் படிக்காதவருக்கும் விளங்கும்படி இங்கே பார்க்கலாம்.

இந்தியாவில் இந்த விஷயத்தை மூன்று சட்டங்கள் பங்குபோட்டுக்கொள்கின்றன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா, எது குற்றம், எது குற்றமாகாது என்பதைச் சொல்கிறது. அதே நாளில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, வழக்கை எப்படி நடத்த வேண்டும் என்பதை வகுக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், காவல் நிலையத்திலும் சிறையிலும் இருப்பவர் உட்பட மனநோய் உள்ள எவருக்கும் உள்ள உரிமைகளைப் பேசுகிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு இப்போது நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவாகியிருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 328 முதல் 339 வரையான பிரிவுகள் சுரக்ஷா சன்ஹிதாவில் 367 முதல் 378 வரை இடம்பெற்றிருக்கின்றன. பழைய வழக்குகள் இன்னும் நடந்துகொண்டிருப்பதால் நீதிமன்றக் காகிதங்களில் இரண்டு வகை எண்களும் கண்ணில் படும். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டியதில்லை.

இந்தப் பிரிவுகள் எல்லாவற்றுக்கும் அடியில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. சம்பவம் நடந்த அந்த நேரத்தில் அவருடைய மனநிலை எப்படி இருந்தது என்பது ஒன்று. இன்று, விசாரணை நடக்கும் நேரத்தில், தன் தரப்பை எடுத்துச் சொல்லும் நிலையில் அவர் இருக்கிறாரா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கான விடை அவர் குற்றவாளியா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது. இரண்டாவதற்கான விடை விசாரணையை இப்போது நடத்தலாமா, நிறுத்திவைத்துச் சிகிச்சை அளிக்க வேண்டுமா என்பதைத் தீர்மானிக்கிறது. சம்பவத்தன்று முற்றிலும் தெளிவாக இருந்தவர், சிறையில் நோய் முற்றி, இன்று வழக்கறிஞரிடம் கோர்வையாக நாலு வார்த்தை பேச முடியாதவராக இருக்கலாம். அன்று நோயின் உச்சத்தில் இருந்தவர், மருந்தால் இன்று தெளிந்து கூண்டில் நிற்கலாம். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான், எந்த மனுவை எப்போது தாக்கல் செய்வது என்பதில் குடும்பங்கள் தடுமாறுகின்றன என்பது என் கருத்து.

முதல் கேள்விக்கு 22ஆம் பிரிவு விடை சொல்கிறது. ஒரு செயலைச் செய்யும் நேரத்தில், சித்த சுவாதீனம் இல்லாத காரணத்தால், அந்தச் செயலின் தன்மையையோ, அது தவறானது அல்லது சட்டத்துக்கு முரணானது என்பதையோ அறிய இயலாதவராக ஒருவர் இருந்தால், அந்தச் செயல் குற்றமாகாது. இதற்குரிய வரம்பு மிகக் குறுகலானது. மனச்சிதைவு நோய்க்குப் பத்து ஆண்டுகளாக மருந்து சாப்பிடுகிறார் என்பது மட்டும் இதற்குப் போதாது. அந்த நேரத்தில், அந்த நோயால், அறிவு அந்த அளவுக்கு மறைந்திருந்தது என்று காட்ட வேண்டும். காட்ட வேண்டிய பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவருடையது என்றாலும், அரசுத் தரப்பைப் போலச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டிய சுமை அவருக்குக் கிடையாது என்றும், அப்படித்தான் இருந்திருக்கக்கூடும் என்று நீதிமன்றம் கருதும் அளவுக்குச் சான்று இருந்தால் போதும் என்றும் 1964ஆம் ஆண்டு, தாஹ்யாபாய் தக்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. அதனால்தான் சம்பவத்துக்கு முன்பும், சம்பவத்தின்போதும், அதற்குப் பிந்தைய சில மணி நேரத்திலும் அவர் எப்படி நடந்துகொண்டார் என்பதை நீதிமன்றங்கள் துருவிப் பார்க்கின்றன. ஓடி ஒளிந்தாரா, ஆயுதத்தை மறைத்தாரா, அங்கேயே உட்கார்ந்து தனக்குத் தானே பேசிக்கொண்டிருந்தாரா என்பவையெல்லாம் சாட்சியங்களே.

கைதாகி எட்டு மாதம் கழித்து ஒரு மருத்துவர் எழுதித் தரும் அறிக்கை, இந்தக் கேள்விக்குப் பெரிதாக உதவாது. அது எட்டு மாதம் கழிந்த நிலையைத்தான் சொல்கிறது. சம்பவத்துக்கு முந்தைய அரசு மருத்துவமனை ஓ.பி. சீட்டு, உள்நோயாளியாக இருந்தபோது தந்த டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துக் கடை ரசீது போன்ற கசங்கிய காகிதங்களுக்குத்தான் வழக்கில் மதிப்பு அதிகம். எனவே வீட்டில் யாருக்காவது நீண்ட கால மனநலச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தால், அந்தக் காகிதங்களைத் தேதி வரிசையில் ஒரு ஃபைலில் போட்டு வைப்பது, வழக்கு என்று எதுவும் இல்லாத காலத்திலும் நல்ல பழக்கம்.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். நடைமுறையில் அதிகம் பயன்பட வேண்டியதும், குறைவாகவே எழுப்பப்படுவதும் இதுதான். குற்றம் சாட்டப்பட்டவர் தன் தரப்பைச் சொல்ல இயலாத மனநிலையில் இருப்பதாக நீதித்துறை நடுவருக்குத் தோன்றினால், அவர் முதலில் அதை விசாரித்தாக வேண்டும் என்று 367ஆம் பிரிவும், விசாரணை நீதிமன்றத்துக்கு அதே கடமை உண்டு என்று 368ஆம் பிரிவும் கூறுகின்றன. "தோன்றினால்" என்பதை இங்கே கவனிக்க வேண்டும். வழக்கறிஞர் மனு தாக்கல் செய்வதால் அப்படித் தோன்றலாம். சிறை மருத்துவரின் அறிக்கையால் தோன்றலாம். நீதிபதி நேரில் பார்த்தே உணரலாம். காவலர் நடுவே நிற்பவரிடம், உங்கள் பெயர் என்ன, இது என்ன இடம், உங்கள் மீது என்ன வழக்கு, உங்களுக்கு வக்கீல் இருக்கிறாரா என்று நீதிபதி நிதானமாகக் கேட்கும் நாலு எளிய கேள்விகளுக்கே விஷயம் வெளிப்பட்டுவிடுவதுண்டு. வாய்தாவுக்கு வரிசையாகப் பலர் அழைக்கப்படும் காலை நேரத்தில் அந்த நாலு கேள்விகளுக்கு நேரம் கிடைப்பதில்லை என்பதுதான் சிக்கல்.

நீதிமன்றம் சந்தேகம் கொண்டுவிட்டால், அரசு மருத்துவ அலுவலரிடம் பரிசோதனைக்கு அனுப்பும். அங்கிருந்து அரசு மருத்துவமனை அல்லது அரசு மருத்துவக் கல்லூரியின் மனநல மருத்துவரிடமோ மருத்துவ உளவியலாளரிடமோ அவர் அனுப்பப்படுவார். அந்த முடிவில் உடன்பாடு இல்லாதவர் மருத்துவ வாரியத்திடம் மேல்முறையீடு செய்யலாம். வாதாட இயலாத நிலையில் அவர் இருப்பது உறுதியானால், அடுத்து நடக்க வேண்டியதைப் பலரும் அறிந்திருப்பதில்லை. விசாரணையைத் தள்ளிவைப்பதற்கு முன்னால், நீதிமன்றம் அரசுத் தரப்பின் ஆவணங்களைப் பார்த்து, குற்றம் சாட்டப்பட்டவரைக் கேள்வி கேட்காமல், அவருடைய வழக்கறிஞர் சொல்வதை மட்டும் கேட்டு, முகாந்திரமே இல்லாத வழக்கு என்று தெரிந்தால் அவரை அப்போதே விடுவிக்க வேண்டும். நோயாளி என்பதற்காக ஒன்றுமில்லாத வழக்கொன்று ஆண்டுக்கணக்கில் அவர் தலை மேல் தொங்கக் கூடாது என்பதே இதன் கருத்து. முகாந்திரம் இருந்தால் மட்டுமே, சிகிச்சைக்குத் தேவை என்று மனநல மருத்துவர் சொல்லும் காலம் வரை விசாரணை தள்ளிவைக்கப்படும். நோயாக இல்லாமல் அறிவுத்திறன் குறைபாடாக இருந்து, அதனால் வாதாட இயலாது என்று கண்டால், விசாரணையே நடத்தப்படாது. மருந்தால் மாறும் நிலை அது அல்ல என்பதால் இந்த வேறுபாடு.

தள்ளிவைத்த காலத்தில் அவர் எங்கே இருப்பார்? 369ஆம் பிரிவின்படி, வழக்கு ஜாமீனில் விடக்கூடியதா இல்லையா என்பதைப் பொருட்படுத்தாமல், மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறத் தேவையில்லாதவர் என்றால், அவரை ஜாமீனில் விடலாம். உறவினரோ நண்பரோ ஒருவர் முன்வந்து, அருகிலுள்ள மருத்துவமனையில் தவறாமல் புறநோயாளி சிகிச்சை பெறச் செய்வேன், தனக்கோ பிறருக்கோ அவர் தீங்கு செய்யாமல் பார்த்துக்கொள்வேன் என்று உறுதிமொழி எழுதித் தர வேண்டும். அப்படி எவரும் வராவிட்டாலோ, ஜாமீன் தரவே முடியாது என்று நீதிமன்றம் கருதினாலோ, மனநலச் சிகிச்சை தொடர்ந்து கிடைக்கும் இடத்தில் வைக்குமாறு உத்தரவிடப்படும். தமிழ்நாட்டில், உள்நோயாளிச் சிகிச்சை தேவைப்படும் கைதிகள் நீதிமன்ற உத்தரவின்பேரில் சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்துக்கு அனுப்பப்படுவது நீண்டகால வழக்கம்.

தள்ளிவைப்பது சிகிச்சைக்காக, மறந்துபோவதற்காக அல்ல. இதை எழுதும்போது அஸ்ஸாமைச் சேர்ந்த மசாங் லாலுங் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. 1951இல் கைதான அவர் தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். 1967இல் நலமாக இருக்கிறார் என்று மருத்துவமனை சொன்ன பிறகும் வீட்டுக்கு அனுப்பப்படாமல் சிறைக்கு மாற்றப்பட்டார். விசாரணை என்று ஒன்று நடக்காமலே 54 ஆண்டுகள் கழிந்து, 2005இல், 77 வயதில், ஒரு ரூபாய் சொந்தப் பிணையில் வெளியே வந்தார். வாதாடத் தகுதி பெற்றுவிட்டார் என்ற தகவல் மருத்துவமனையிலிருந்து நீதிமன்றத்துக்குப் போய்ச் சேர்ந்து, விசாரணையை மீண்டும் தொடங்குவதற்குச் சட்டத்தில் அப்போதும் வழி இருந்தது, இப்போதும் 370, 371ஆம் பிரிவுகளில் இருக்கிறது. ஆனால் அந்தக் கடிதம் போனதா, வழக்கு ஃபைலில் சேர்ந்ததா என்று பார்ப்பதற்கு ஒரு வழக்கறிஞரோ உறவினரோ இல்லாவிட்டால், பிரிவு காகிதத்திலேயே இருந்துவிடும்.

இனி, கைதான முதல் சில நாட்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதிகச் சேதம் நடப்பது அப்போதுதான். கைதானவரை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும் என்பதும், 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பதும் விதி. அவசரத்தில் நடக்கும் அந்தப் பரிசோதனை பெரும்பாலும் உடலில் காயம் இருக்கிறதா என்பதோடு நின்றுவிடுகிறது. மாத்திரை வீட்டு அலமாரியில் இருக்கும். ஆள் ரிமாண்டில் இருப்பார். மனநோய்க்குத் தரப்படும் லித்தியம், குளோசபின் போன்ற மருந்துகள் திடீரென நின்றால் நோய் வேகமாகத் திரும்பக்கூடும். நாள்தோறும் குடித்துப் பழகியவருக்கு மது நின்ற இரண்டு மூன்று நாட்களில் கைநடுக்கமும் வலிப்பும், இடம் காலம் தெரியாத குழப்பமும் வரலாம். உயிருக்கே ஆபத்தான அந்த நிலையை "நடிக்கிறான்" என்று எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு லாக்கப்பிலும் சிறையிலும் உண்டு. ஆகவே ரிமாண்டுக்கு நிறுத்தும்போதே, நோயின் பெயர், மருந்தின் பெயர், அளவு, கடைசியாகச் சாப்பிட்ட நேரம் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, மருந்துச் சீட்டின் நகலோடு வழக்கறிஞர் மூலம் நடுவரிடம் கொடுத்து, சிறை மருத்துவர் சிகிச்சையைத் தொடர வேண்டும் என்று ரிமாண்ட் உத்தரவிலேயே எழுதும்படி கேட்பது நல்லது. சிறைக்குள் மாத்திரையை நேரடியாகக் கொடுத்துவிட முடியாது. சிறை மருத்துவர் வழியாகத்தான் எதுவும் போகும். சிறையில் மனு போட்டு அவரைப் பார்க்கப் போகும்போது, மருந்து கிடைக்கிறதா, தூக்கம் வருகிறதா என்று விசாரிப்பது, வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று விசாரிப்பதைவிட அவசரமானது.

சிறைக்குள் என்ன இருக்க வேண்டும் என்பதை மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 103ஆம் பிரிவு சொல்கிறது. ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு சிறையின் மருத்துவப் பிரிவிலாவது மனநலச் சிகிச்சைப் பகுதி இருக்க வேண்டும். சிறையில் மனநோயாளி எவரும் இல்லை என்று சான்றளிக்கும் அறிக்கையைச் சிறை மருத்துவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மனநல மறுஆய்வு வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். இருந்தால், ஏன் சிகிச்சைக்கு மாற்றவில்லை என்று வாரியம் நேரில் வந்து கேட்கலாம். மனநோயாளி எவரும் இல்லை என்று உண்மையாகவே எழுதித் தரக்கூடிய மத்திய சிறை ஒன்று இருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே. பெங்களூரு மத்திய சிறையில் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில், போதைப்பழக்கத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், நான்கில் ஒருவருக்கு மேல் மனநோய் இருப்பது தெரியவந்தது.

குற்றமே செய்யாதவரைச் சிறையில் வைக்கக் கூடாது என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை என்று நினைப்போம். ஆனால் தெருவில் திரிந்த மனநோயாளிகளைப் பாதுகாப்பு என்ற பெயரில் சிறையில் அடைத்து வைக்கும் வழக்கம் இந்நாட்டில் இருந்தது. 1993இல் ஷீலா பார்ஸே வழக்கில் உச்ச நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆம் பிரிவு, அப்படித் திரிபவரைக் காவல்துறை தன் பாதுகாப்பில் எடுத்தால் 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்றும், லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது என்றும் தெளிவாகவே சொல்கிறது. தற்கொலைக்கு முயன்றவரையும் இங்கே குறிப்பிட வேண்டும். அதே சட்டத்தின் 115ஆம் பிரிவின்படி அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருதப்பட வேண்டும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, இந்திய தண்டனைச் சட்டத்தின் பழைய 309ஆம் பிரிவு புதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. அரசு ஊழியரைப் பணியவைக்கவோ அவர் பணியைத் தடுக்கவோ தற்கொலைக்கு முயல்வது மட்டும் 226ஆம் பிரிவில் குற்றமாக இருக்கிறது.

போதைப்பழக்கத்துக்கும் சட்டம் சிகிச்சை வழி வைத்திருக்கிறது. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, சிறிய அளவு தொடர்பான குற்றத்தில் தண்டனைக்கு உள்ளாகும் அடிமைப்பட்ட ஒருவரை, அவர் சம்மதித்தால், சிறைக்கு அனுப்பாமல் சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது.

விசாரணை முடிந்து, 22ஆம் பிரிவின்படி குற்றவாளி அல்ல என்று தீர்ப்பு வந்தால், குடும்பம் ஆட்டோ பிடித்துக்கொண்டு அவரை வீட்டுக்கு அழைத்துப் போய்விடலாம் என்று எண்ணுகிறது. அங்கேதான் பலருக்கு அதிர்ச்சி காத்திருக்கிறது. இத்தகைய தீர்ப்பில், அந்தச் செயலை அவர் செய்தாரா இல்லையா என்பதையும் நீதிமன்றம் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். செய்தார், ஆனால் சித்த சுவாதீனம் இல்லாததால் குற்றமில்லை என்று முடிவானால், 374ஆம் பிரிவின்படி அவரைப் பாதுகாப்பான இடத்தில் வைக்கவோ, உறவினர் பொறுப்பில் ஒப்படைக்கவோ நீதிமன்றம் உத்தரவிடும். உறவினர் கேட்காமல், உறுதிமொழி தராமல் ஒப்படைப்பு நடக்காது. எனவே தீர்ப்பு நாளுக்கு முன்பே யார் பொறுப்பேற்பது, எந்த மருத்துவமனையில் சிகிச்சையைத் தொடர்வது என்பதை முடிவு செய்து, மனுவோடு தயாராக இருக்க வேண்டும். கேட்பதற்கு எவரும் இல்லாததால், நிரபராதி என்ற தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டே மருத்துவமனையில் காலம் கழிப்பவர் உண்டு.

தண்டனை விதிக்கப்பட்ட பிறகும் மனநோய்க்கு இடம் உண்டு. தூக்குத் தண்டனைக் கைதிக்குப் பின்னாளில் மனநோய் வந்தால் அது தண்டனையைக் குறைக்கப் போதிய காரணம் என்று 2014இல் சத்ருகன் சவுகான் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2019இல் அதே வழியில் மற்றொரு தூக்குத் தண்டனையை ஆயுள் சிறையாக மாற்றியபோது, அந்தக் கைதியின் பெயரைக்கூடத் தீர்ப்பில் எழுதாமல் "குற்றம் சாட்டப்பட்ட எக்ஸ்" என்றே குறிப்பிட்டது. நோயைப் பற்றிய விவரங்கள் ரகசியமாக வைக்கப்பட வேண்டும் என்ற நோயாளியின் உரிமை, கொலைக் குற்றத்தில் தண்டனை பெற்றவருக்கும் உண்டு என்பதே அதற்குக் காரணம்.

நீதிமன்றத்துக்கு வருபவர் எல்லோரும் குற்றம் சாட்டப்பட்டவர்கள் அல்லர். சாட்சி சொல்ல வருபவருக்கும் மனநோய் இருக்கலாம். எளிதில் பாதிப்புக்கு உள்ளாகக்கூடிய சாட்சிகள் என்ற வகையில் மனநோய் உள்ளவரையும் 2022இல் உச்ச நீதிமன்றம் சேர்த்தது. அவர்கள் எதிர்த்தரப்பினர் முகத்துக்கு நேரே நிற்காமல், அச்சமின்றிச் சாட்சியம் அளிக்கத் தனி அறை போன்ற ஏற்பாடுகளைக் கேட்கலாம்.

இவற்றுக்கெல்லாம் வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாதவர், மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். மனநோய் உள்ளவருக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு என்பதையும், அதை அவரிடம் சொல்ல வேண்டியது காவல் அதிகாரி, நடுவர், சிறை அதிகாரி ஆகியோரின் கடமை என்பதையும் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவு கூறுகிறது. மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம். வெளியே வரும் நாளில், சிறையில் கொடுக்கப்பட்ட மருந்துகளின் விவரத்தைச் சிறை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு, கையில் இருக்கும் மாத்திரை தீர்வதற்குள் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் புதிய ஓ.பி. சீட்டு போட்டுவிட வேண்டும். ஜாமீன் நிபந்தனையாகச் சிகிச்சை விதிக்கப்பட்டிருந்தால், அடுத்த வாய்தாவுக்கு வழக்கறிஞர் கொண்டுபோக வேண்டிய காகிதமும் அந்தச் சீட்டுதான்.